கைலாசத்தின் நிற்காத இதயம்

கைலாசத்தின் வீட்டுக்கு யார் வந்தாலும், காப்பி வருவதற்குள் அவருடைய சட்டையின் மேல் பொத்தான்கள் கழன்றுவிடும். மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர், கேஸ் சிலிண்டர் இறக்குகிறவர், கோயில் வரி வசூலிக்க வருகிற பெரிய மனிதர்கள் என்று ஒருவரும் தப்பியதில்லை. கழுத்துக்குக் கீழே தொடங்கி மேல்வயிறு வரை இறங்கும் தழும்பை விரலால் கோடிழுத்துக் காட்டுவார்.

"நிறுத்தவே இல்லீங்க. ஓட ஓட வேல பண்ணுனாங்க. மத்தவனுக்கெல்லாம் மிசின்ல போட்டு, இதயத்த நிறுத்தித்தான் தெக்கறாங்க. எம்பட இதயம் அன்னைக்கும் எவன் தயவும் இல்லாம ஓடுச்சுங்க."

வந்தவர் "அப்படிங்களா" என்பார். வேறு என்னதான் சொல்வார், பாவம். சிலிண்டருக்குக் காசு வாங்கிக்கொண்டு போக வேண்டுமே.

அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருக்கும் சௌந்திரத்துக்கு அந்தக் குரலைக் கேட்டாலே உடம்பு எரியும். கைலாசத்தைக் கட்டிக்கொண்டவள் அவள். அவர் இதயம் யார் தயவில் ஓடியது என்பது அவளுக்குத் தெரியும். அறுவை அரங்கின் கதவுக்கு வெளியே நின்று, மிஷினை வையுங்கள் என்று சொன்னதே அவள்தான். அதை மூன்று வருஷமாக வெளியே விடாமல் வைத்திருந்தாள். ஊரெல்லாம் அளந்துகொண்டு திரியும் மனுஷனைப் பார்க்கும்போது, அடடா, எப்பேர்ப்பட்ட முட்டாளோடு குடித்தனம் செய்கிறோம் என்று தோன்றும். முட்டாள்தானே, போகட்டும் என்றும் தோன்றும். அந்த இரண்டாவது எண்ணம் இருந்ததால்தான் காப்பியில் சர்க்கரை சரியாக விழுந்துகொண்டிருந்தது.

கைலாசம் திருச்செங்கோட்டில் ரிக் வைத்திருப்பவர். ரிக் என்றால் இரண்டு லாரி. ஒன்றில் போர்க் கிணற்றுக்குப் பூமியைத் துளைக்கிற இயந்திரம், இன்னொன்றில் அதற்குக் காற்று அடித்துக் கொடுக்கிற கம்ப்ரசர். வடக்கே எந்த மாநிலத்தில் தண்ணீர் வற்றினாலும் அவருக்கு இங்கே நல்ல காலம். 'நான் யார் கையையும் புடிச்சு மேல வந்தவன் இல்ல' என்பது அவர் தன்னைப் பற்றி முதலில் சொல்லும் வாக்கியம். அதுவும் பொய்தான். முதல் ரிக் வாங்கியபோது, புது முதலாளியை நம்பி வடக்கே போக ஒரு டிரைவரும் வரவில்லை. சௌந்திரத்தின் தம்பி காளியப்பன்தான் வண்டி ஏறினான். ஓட்டினான், துளைக்கிற ராடு மாற்றினான், சமைத்துப் போட்டான், மச்சானுக்குக் காய்ச்சல் வந்தபோது கால் பிடித்துவிட்டான். பிறகு மோகனூர் சர்க்கரை ஆலையில் நிரந்தர வேலை கிடைத்து, முறையாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினான். "ரிக்குல தாக்குப் புடிக்காம சக்கர மூட்ட தெக்கப் போயிட்டான்" என்று கைலாசம் அன்றைக்கே அவன் கணக்கை முடித்துவிட்டார்.

நெஞ்சுவலி முதலில் வந்தது காளியப்பனுக்குத்தான். சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பைபாஸ் செய்தார்கள். இதயத்தை நிறுத்திவிட்டு, ரத்தத்தை வெளியே இருக்கும் மிஷினில் சுற்றவிட்டு, தைத்து முடித்ததும் மறுபடி ஓடவிட்டார்கள். உலகம் பூராவும் நடக்கிற காரியம். கைலாசம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்கப் போனார். கட்டில் பக்கம் நின்று கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"என்ன மாப்ள, நிறுத்திட்டாங்களாமா?"

"ஆமாங்க மச்சான். கொஞ்ச நேரம் மிசினுதான் பாத்துக்கிச்சாமுங்க."

"பாதி போர்ல கம்ப்ரசர நிறுத்துனா என்னாகும்? உனக்குத் தெரியாதா? மேல வந்துட்டு இருக்கற கல்லுத்தூளு பூரா கீழ எறங்கி, அடியில பாறைய ஒடைக்கற ஹேமர் மாட்டிக்கும். அப்பறம் தலகீழா நின்னாலும் வராது, ராடோட போச்சு. ஒருக்கா நின்னது நின்னதுதான். நீ இனி சூதானமா இருந்துக்க."

நெஞ்செலும்பு அறுபட்டுப் படுத்திருக்கிறவனிடம் பேசுகிற பேச்சா இது? காளியப்பன் இருமக்கூட முடியாமல், நெஞ்சின் மேல் தலையணையை அணைத்துக்கொண்டு சிரித்து வைத்தான். அவன் அப்படித்தான். எதற்கும் சிரித்து வைப்பான். கைலாசம் திரும்பி வருகிற வழியெல்லாம் 'செத்துப் பொழச்சவன்' என்று அவனுக்கு ஒரு பேர் வைத்துக்கொண்டே வந்தார்.

சாமி பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அடுத்த வருஷமே கைலாசத்துக்கு வந்தது. அதே சேலம், அதே ஆஸ்பத்திரி. டாக்டர் பாலசுந்தரம் படத்தைப் போட்டுக் காட்டி விளக்கினார். மூன்று அடைப்பு. போதாததற்கு, இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாயில் சுண்ணாம்பு மாதிரி படிந்திருக்கிறது. மிஷினுக்கு அங்கே குழாய் செருகினால், அந்தப் படிவு பெயர்ந்து மூளைக்குப் போய்விடலாம். அதனால் இதயத்தை ஓடவிட்டே, தைக்கிற இடத்தை மட்டும் ஒரு பிடியால் அசையாமல் அமுக்கிக்கொண்டு தைக்கலாம் என்று நினைக்கிறேன் என்றார்.

அதாவது, கைலாசத்தின் குழாய் கெட்டுப்போயிருந்ததால் கிடைத்த வைத்தியம் அது. அவர் அதைப் பரிசாக வாங்கிக்கொண்டார்.

"அதத்தானுங்க நானும் சொல்றேன். இஞ்சின நிறுத்தக் கூடாதுங்க. ஓடறப்பவே பாருங்க."

"ஆனா உங்க இதயம் கொஞ்சம் பலவீனமா இருக்குது. நடுவுல தாங்கலைன்னா, சப்போர்ட்டுக்குத் தொடை வழியா ஒரு பலூன் பம்ப் வைக்க வேண்டி வரலாம்."

"மிசினே ஆகாதுங்க டாக்டர். எம்பட இதயத்துக்கு எதுக்குங்க முட்டு? அது பாட்டுக்கு ஓடும்."

டாக்டர் பொறுமைசாலி. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். அவசரம் என்றால் யாரைக் கேட்பது என்று கடைசியில் கேட்டார். கைலாசம் சௌந்திரத்தின் பக்கம் எரிச்சலோடு கையை வீசினார். "இவளக் கேட்டுக்கங்க. கேக்கற மாதிரி ஒண்ணும் வராது."

வந்தது. இரண்டு அடைப்புகளைத் தைத்தாயிற்று, பின்பக்கத்து ரத்தக்குழாய்க்குப் போக இதயத்தை லேசாகத் தூக்கிச் சாய்த்தார்கள், பிரஷர் விழுந்துவிட்டது. கீழே வைத்தால் ஏறுகிறது, தூக்கினால் விழுகிறது. பச்சை அங்கியோடு இன்னொரு டாக்டர் வெளியே ஓடிவந்தார். பலூன் வைத்தாக வேண்டும், அவர் வேண்டாம் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றார். காளியப்பன் அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தான். சௌந்திரம் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"வெய்யுங்க. அந்த மனுசன் பேச்சு கெடக்குது. வெய்யுங்க சாமி."

தொடையிடுக்கில் ஒரு ரத்தக்குழாய் வழியாக நீளமான பலூனை நெஞ்சு வரைக்கும் ஏற்றினார்கள். இதயம் இளைப்பாறும்போது பலூன் உப்பி, ரத்தத்தை இதயத்தின் குழாய்களுக்கே தள்ளிக் கொடுக்கும். இதயம் பிழிகிற நேரத்தில் சட்டென்று சுருங்கி வழிவிட்டு, அதன் சுமையைக் குறைக்கும். ஹீலியம் என்கிற வாயுவில் வேலை செய்கிறதாம். அது தாங்கிப் பிடித்த பிறகுதான் மூன்றாவது தையல் நடந்தது. மறுநாள் வரைக்கும் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி 'புஸ்ஸு, டொப்பு' என்று அடித்துக்கொண்டே இருந்தது. காளியப்பன் அதைப் பார்த்தபடி நின்றிருந்தான். கால் மடங்கக் கூடாது என்று முழங்காலைக் கட்டிலோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். கைலாசம் வாயில் குழாயோடு கண்ணைத் திறந்து திறந்து மூடினார். பெட்டியைக் கழற்றிவிட்டுப் பொது அறைக்குக் கொண்டுவந்த பிறகு அவர் பேசிய முதல் வாக்கியம் "நிக்கலயில்ல?" என்பது.

சௌந்திரம் "நிக்கலீங்க" என்றாள். அது உண்மைதான். நிற்கவிடவில்லை.

வெளியே வந்து தம்பியிடம் சொன்னாள். "சாமி, பலூன் வெச்சது உம்பட வாயில வரக் கூடாது. இவரு காதுல உழுந்தா மறுக்கா நெஞ்சப் புடிச்சுக்குவாரு. அந்தப் பாவம் நமக்கு எதுக்கு?" காளியப்பன் தலையாட்டினான். வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர், "நடுவுல ஒரு சப்போர்ட் குடுத்தோம்" என்று ஆரம்பித்தபோது கைலாசம் "செரீங்க செரீங்க" என்று எழுந்துவிட்டார். ஏதோ குளுக்கோஸ் பாட்டில் என்று நினைத்துக்கொண்டிருப்பார் என்று சௌந்திரமும் விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு அவர் ஊரையே இதயத்தை வைத்துத் தரம் பிரிக்க ஆரம்பித்தார். ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ஸ்பிரிங் கேஸ், மனுஷனில் சேர்த்தி இல்லை. இதயத்தை நிறுத்தித் தைத்துக்கொண்டவர்கள் செத்துப் பிழைத்தவர்கள். ஓட ஓடத் தைத்துக்கொண்டது திருச்செங்கோட்டிலேயே தான் ஒருவர்தான் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். யாருக்காவது பைபாஸ் என்று காதில் விழுந்தால் போதும், ஆப்பிளை வாங்கிக்கொண்டு பார்க்கக் கிளம்பிவிடுவார். நலம் விசாரிக்க அல்ல. "நிறுத்துனாங்களா, ஓட ஓடவா?" என்று கேட்கத்தான். நிறுத்தினார்கள் என்று பதில் வந்தால் அந்த முகத்தில் ஒரு பூரிப்பு வரும் பாருங்கள், அதைப் பார்க்காமல் சௌந்திரம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆப்பிளை அங்கே வைத்துவிட்டு, தெருவில் நிற்கிற ஆட்களிடம் தழும்பைக் காட்டிவிட்டுத்தான் வண்டி ஏறுவார்.

காளியப்பன் பொங்கலுக்கு வந்தாலும் ஆடிக்கு வந்தாலும், "வா மாப்ள, நின்னு போனவனே" என்ற வரவேற்புதான். எட்டு ஊர் ஆட்கள் உட்கார்ந்திருந்தாலும் அதே வரவேற்பு. அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் கைலாசத்தின் பவிசு அங்கேயே கிழிந்து தொங்கும். காளியப்பன் சிரித்து வைப்பான். அக்காவுக்குக் கொடுத்த வாக்கு.

இப்படியே ஓடியிருக்கும். பிரீத்திக்குக் கல்யாணம் கூடி வந்தது. கைலாசத்துக்கும் சௌந்திரத்துக்கும் ஒரே பெண். மாப்பிள்ளை ஈஸ்வர், ராசிபுரம் பக்கம். நல்ல இடம், இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. பத்திரிகை அடிப்பதற்கு முன்னால், யார் யார் என்ன சீர் செய்வது என்று பேச சம்பந்தி வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார்கள். மோகனூரிலிருந்து காளியப்பனும் வந்திருந்தான். கல்யாணப் பெண்ணுக்கு நெற்றியில் பட்டம் கட்டுவது தாய்மாமன். அதைப் பேசவே வேண்டியதில்லை. எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் அப்படித்தான். மருமகளுக்குப் பட்டம் எடுக்க சேலத்தில் கடை பார்த்து வைத்துவிட்டதாகக் காளியப்பன் வெட்கத்தோடு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

கைலாசம் தொண்டையைச் செருமினார்.

"பட்டம் குமரகுரு கட்டட்டும்."

குமரகுரு சௌந்திரத்தின் பெரியப்பா மகன். நாமக்கல்லில் லாரிகள் வைத்திருப்பவர். ஒன்றுவிட்ட அண்ணன். வீட்டில் கூடப் பிறந்த தம்பி கல்லுப் போல உட்கார்ந்திருக்க, ஒன்றுவிட்டவரைக் கூப்பிடுகிறதா?

சம்பந்தி, தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று, "கூடப் பொறந்தவரு இவருதானுங்களே?" என்றார்.

"பொறந்தவன்தானுங்க. ஆனா இவனுக்கு இதயம் நின்னு போச்சுங்க. நின்னு போனா என்ன அர்த்தமுங்க? ஒருக்கா செத்துட்டான்னுதான அர்த்தம்? செத்துப் பொழச்ச கையி மங்கள காரியத்துல புள்ள நெத்தியத் தொடலாமுங்களா? நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

 பிரீத்தி உள்ளறைக் கதவருகே நின்றிருந்தாள். "அப்பா, என்னப்பா பேசறீங்க? மாமாதான் கட்டோணும்" என்றாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. காளியப்பன் இந்த முறை சிரித்து வைக்கவில்லை. அக்காவைப் பார்த்தான். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக்கொண்டு எழுந்தான். "மச்சான் சொன்னாச் செரிதானுங்க. நான் வாரேனுங்க" என்று சொல்லி, சம்பந்தியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். அப்போதும் சொல்லவில்லை. அக்காவுக்கு அவன் கொடுத்த வாக்கு அப்பேர்ப்பட்டது.

சௌந்திரத்துக்குள் ஏதோ அறுந்தது. தம்பி வாசற்படி தாண்டினால் அவன் இந்த வீட்டுக்கு இனி வர மாட்டான். பிரீத்தி மணவறையில் யாரோ ஒருவர் கையால் பட்டம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எல்லாம் எதற்காக? இந்த ஆளின் நெஞ்சில் கிடக்கிற ஒரு கோட்டுக்காக.

"நில்லு சாமி" என்றாள் தம்பியிடம். கணவன் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, உங்க இதயம் மட்டும் தன்னால ஓடுச்சுன்னு நெனப்பா? தூக்குனா உழுந்துருச்சுங்க உங்க இதயம். பலூன் வெச்சு, பம்பு வெச்சு, மக்கியா நாள் வரைக்கும் மிசின்தான் உங்களுக்கு முட்டுக் குடுத்துச்சு. வெக்கச் சொன்னது நானு. பக்கத்துல நின்னு பாத்தவன் இவன். இத்தன வருசமா நீங்க வெச்ச பேரையெல்லாம் வாங்கிட்டு வாயத் தொறக்காம இருந்தவனுங்க எந்தம்பி. இவன் கையி ஆகாதுன்னா, உங்க கையில தார வாத்துக் குடுக்கறதும் ஆகாது. யாரையாச்சும் வேற அப்பன வெச்சுக்கலாமா?"

கைலாசம் இடிந்து உட்கார்ந்துவிடுவார், நெஞ்சைப் பிடித்துக்கொள்வார் என்று பயந்து ஒரு அடி முன்னால் வைத்தாள். அவர் முகம் சிவந்தது. கையை நாற்காலியில் ஓங்கி அறைந்தார்.

"என்னடி பெரிய ரகசியத்தக் கண்டுட்டயா? எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? காலம் பூரா கம்ப்ரசர் பக்கத்துல படுத்து எந்திரிச்சவன்டி நானு. காத்தடிக்கற சத்தம் எனக்குத் தெரியாதா? கண்ண முழிச்ச அன்னைக்கே தெரியும். காலக் கட்டிப் போட்டிருந்ததும் தெரியும். இவன் கட்டில்கிட்ட நின்னு அந்தப் பெட்டியவே பாத்துட்டு இருந்ததும் தெரியும்!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. சம்பந்தி தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆக, எல்லாம் தெரியும். தெரிந்தேதான் ஊரெல்லாம் பொத்தானைக் கழற்றியிருக்கிறார். காளியப்பனை விரட்டப் பார்த்தது, அவன் இதயம் நின்றதற்காக அல்ல. இவர் இதயத்துக்கு முட்டுக் கொடுத்ததை அவன் பார்த்துவிட்டதற்காக. சபையில் அந்தக் கண் எதிரே நிற்கக் கூடாது, அவ்வளவுதான். அவ்வளவு காலம் முட்டாள்தானே, போகட்டும் என்று சௌந்திரம் வைத்திருந்த இரக்கத்தையெல்லாம் அந்த ஆள் முழுக்கத் தெரிந்துகொண்டே தின்றிருக்கிறார். முட்டாளோடு ஒரு பெண் காலந்தள்ளிவிடலாம். இது வேறு. இவ்வளவு அற்பமான ஒன்றை மூன்று வேளை சோறு போட்டு வளர்த்திருக்கிறோம் என்று நினைத்தாள்.

"பட்டம் எந்தம்பிதான் கட்டுவான்" என்றாள். "பத்திரிகையில அப்படியே போட்ருங்க சம்பந்தி." யாரும் மறுக்கவில்லை. கைலாசம் எழுந்து, ரிக் வண்டி நிறுத்துமிடத்தில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. காளியப்பன் பட்டுவேட்டி கட்டி, பிரீத்தியின் நெற்றியில் பட்டத்தைக் கட்டினான். அவளும் அழுதாள், அவனும் அழுதான். சௌந்திரம் அழவில்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

கைலாசத்தைப் பற்றித்தான் அவளுக்கு ஒரு சின்ன எதிர்பார்ப்பு இருந்தது. கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையில் வந்திருந்தார். காலையிலிருந்து யாரிடமும் இதயத்தைப் பற்றிப் பேசவில்லை. திருந்திவிட்டார் என்றில்லை. கூச்சமாவது வந்திருக்கும் என்று நினைத்தாள். முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தபோது, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் சிலரோடு அவர் நிற்பது தெரிந்தது. சௌந்திரம் தாம்பூலத் தட்டோடு அந்தப் பக்கம் வந்தாள். மேல் பொத்தான் கழன்றிருந்தது. இரண்டாவதும் கழன்றிருந்தது.

"மத்தவனுக்கெல்லாம் ஒரே மிசினுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார் கைலாசம். "இதயத்த நிறுத்திப்போட்டு மிசின ஓட்டுவாங்க. ஏதோ ஒண்ணுதான் ஓடும். எனக்கு அப்படி இல்லீங்க. இதயமும் ஓடுச்சு, பலூனும் ஓடுச்சு. டபுள் இஞ்சினுங்க! ஹீலியம்னு ஒரு கேஸு, ராக்கெட்டுக்குப் போடறதாமா. திருச்செங்கோட்டுல எவனுக்கு வெச்சிருக்காங்க சொல்லுங்க? பக்கத்துலயே நின்னு கண்ணால பாத்தவன் எம்மாப்ள. ஏ மாப்ள, காளியப்பா! இங்க வா. நீ பாத்ததச் சொல்லு இவியளுக்கு!"

காளியப்பன் சந்தனக் கையோடு வந்து நின்றான். எல்லோரும் அவன் வாயைப் பார்த்தார்கள். அவன் அக்காவை ஒரு தடவை பார்த்தான். பிறகு மச்சானைப் பார்த்து, கையைக் கட்டிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டான்.

"செத்துப் பொழச்சவன் சாட்சி செல்லுமுங்களா மச்சான்?"

முதலில் சிரித்தது சம்பந்திதான். பிறகு பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். சௌந்திரம் தாம்பூலத் தட்டைக் கணவன் கையில் கொடுத்து, "இதப் புடிங்க, ஓடற இதயத்தோட நாலு பேருக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, தம்பியைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனாள்.